கடல்வாத்தும் கடைசிக் காட்சியும்

2011-ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. காலையில் கடலின்மீது மூடுபனி படர்ந்திருந்தது. காற்று இல்லை. பத்து மணிக்குப் பின்னர்ப் பனி மெல்ல விலகியபோது, நோர்வே நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடந்த அந்தச் சிறு தீவு, நீருக்கு ஒரு சாண் மேலே மிதப்பதுபோலத் தோன்றியது.

படகிலிருந்து இறங்கிய சிங்கராயர் வணக்கம் சொல்லவில்லை. முறைப்பாடுதான் சொன்னார்.

“அவ சாப்பிடமாட்டாவாம், பிள்ளை.”

இறங்குதுறையில் நின்ற தாட்சாயணி கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஆர்?”

“என்ரை படத்திலை நடிக்கிற மனுசி, செல்வமலர். கடைசிக் காட்சியிலை அவ இருந்து சோறு சாப்பிடவேணும். அவ்வளவுதான். ஒரு வசனங்கூட இல்லை. ஏலாதெண்டு எழும்பி வீட்டை போயிட்டா.”

“மெல்லக் கதையுங்கோ, அண்ணை.”

“ஏன், ஆரும் நித்திரையோ?”

“ஊரே அடைகாக்குது.”

சிங்கராயர் சுற்றிலும் பார்த்தார். பாறை, புல், ஒரு மரவீடு. வேறு ஊர் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

சிங்கராயருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருநகர்க் கடற்கரையில் பிறந்தவர். இளைஞராய் இருந்தபோதே நோர்வேயின் வடகோடிக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றவர். அந்தக் கட்டிகளில் ஒளி எப்போது நீலமாகிறது, எப்போது வெளுக்கிறது, எப்போது உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது என்பதைக் கையும் கத்தியுமாக நின்றே கற்றவர்.

பின்னர்ப் பழைய ஒளிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கித் தமிழர் வீட்டுத் திருமணங்களைப் படமெடுத்தார். அவற்றுள் ஒன்றைத் தற்செயலாகக் கண்ட நோர்வேக்காரர் ஒருவர் தம் படத்துக்கு அவரை அழைத்தார். அன்று கழற்றிய தொழிற்சாலை அங்கியை அவர் மறுபடி அணியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பிறர் இயக்கிய படங்களுக்கு ஒளி கொடுத்தார். அவர் விளக்கை ஏற்றுவதில்லை, இருட்டிடம் இணங்கப் பேசி வெளியேற்றுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

இவ்வாண்டுதான் அவர் இயக்குநர் ஆனார். இதுவே முதற்படம்.

தாட்சாயணி அவரினும் பதினைந்து வயது இளையவள். மூன்று படங்கள் இயக்கியவள். மூன்றுக்கும் ஒளிப்பதிவு சிங்கராயர். நடிப்பு என்றால் என்னவென்றே அறியாத மனிதரை அழைத்து வந்து, அவர் தமக்குள் வைத்திருந்த ஒன்றை வெளியே வரச் செய்வாள் என்று அவளுக்குப் பெயர் இருந்தது. மூன்றாம் படம் முடிந்ததும், எய்னார் என்னும் நோர்வேக்காரரை மணந்து இத்தீவுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று பலர் கேட்டனர். அவள் எவருக்கும் விடை சொல்லவில்லை.

“வாற வெள்ளிக்கிழமை கடைசி நாள்” என்றார் சிங்கராயர். “அதுக்குள்ளை அந்தக் காட்சியை எடுக்காட்டி, தயாரிப்பாளர் வேறை ஆளைப் போட்டு முடிப்பாராம். படத்திலை பேரும் அந்த ஆளின்ரை பேராம். இந்த வயசிலை எனக்கு இன்னொரு படம் ஆர் தரப்போகினம்?”

“ஏன் சாப்பிட ஏலாதாம்?”

“சோறு இறங்குதில்லையாம்.”

“அதுதான் ஏன்?”

“ஆருக்குத் தெரியும்? அரிசியை மாத்தினன். கறியை மாத்தினன். மேசையை மாத்தினன். கடைசியிலை யன்னலையே மாத்தினன். பிள்ளை, அந்த வெளிச்சத்தை நீ பார்க்கவேணும். மாதா கோயிலுக்குள்ளை வாற வெளிச்சம். அதுக்குள்ளை இருந்து ஒரு வாய் சாப்பிட ஏலாதோ ஒரு மனுசியாலை?”

தாட்சாயணி அவர் அணிந்திருந்த சட்டையைப் பார்த்தாள். செக்கச்செவேல் என்ற புத்தம்புதிய குளிர்ச்சட்டை. முதுகில் வெள்ளை எழுத்துகளில் ‘இயக்குநர்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது.

“படப்பிடிப்புப் பெடியள் சேர்ந்து தந்தவங்கள்” என்றார் சிங்கராயர், சற்றே கூச்சத்தோடு.

“வடிவாய் இருக்கு. கழட்டுங்கோ.”

படகைக் கட்டிவிட்டு வந்த எய்னார், கையில் ஒரு பழைய தவிட்டுநிறக் கோட்டோடு நின்றார். அதன் முழங்கைகள் தேய்ந்திருந்தன. உப்பும் புகையும் கலந்த மணம் வீசியது.

“ஆற்றை கோட்டு இது?”

“மாமான்ரை, எய்னாரின்ரை அப்பான்ரை. அவர் செத்து ஆறு வருசம்.”

“செத்த மனுசன்ரை கோட்டை நான் ஏன் போடவேணும்?”

“இந்தக் கோட்டை இஞ்சை எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்குமெண்டால்?”

“வாத்துகளுக்கு.”

எய்னாருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொற்கள். அவற்றுள் ஒன்றை அவர் அப்போது சொன்னார்.

“மெதுவாய்.”

செஞ்சட்டையைத் தாட்சாயணி வீட்டினுள் கொண்டுபோய், அலுமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அத்தீவில் ஒரு வழக்கம் உண்டு. இளவேனிலில் கடல்வாத்துகள் கரையேறும். அவை காட்டுப் பறவைகள். எவருக்கும் உரியவை அல்ல. தீவில் உள்ளோர் அவற்றுக்கெனக் கல்லாலும் பலகையாலும் சிறு வீடுகள் கட்டி, உலர்ந்த கடற்பாசியால் மெத்தையிட்டு வைப்பர். வருவதும் வராததும் வாத்தின் விருப்பம். வந்தால் முட்டையிட்டு, தன் மார்பின் மென்தூவியைத் தானே பிடுங்கி முட்டைகளைப் போர்த்தும். குஞ்சுகளோடு அது கடலுக்குத் திரும்பிய பின்னர், விட்டுச்சென்ற தூவியை மனிதர் எடுத்துக்கொள்வர்.

அதுவரை தீவில் ஓட்டம் இல்லை, கூச்சல் இல்லை, நாய் இல்லை. கொடியில் நிறத்துணி காய்வதில்லை. நடப்பவர் நாள்தோறும் ஒரே வழியில், ஒரே உடையில் நடப்பர்.

“சரி, நான் கேக்க வந்ததைக் கேக்கட்டோ?” என்றார் சிங்கராயர்.

“கேளுங்கோ.”

“ஒருத்தியைச் சாப்பிட வைக்கிறது எப்பிடி?”

தாட்சாயணி அவரை வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றாள். சமையலறைக் கதவின் வெளியே மரப்படிகள் இருந்தன. படிகளின் கீழே ஒரு பலகைப் பெட்டி. ஒரு பக்கம் திறந்திருந்தது. உள்ளே வெறுமை.

“மாமா இருந்த காலத்திலை இதுக்குள்ளை ஒவ்வொரு வருசமும் ஒருத்தி இருந்தவள். அவர் போனபிறகு ஒருத்தியும் வரேல்லை. நீங்கள் ஒருத்தியை வரப்பண்ணுங்கோ. பேந்து கதைப்பம்.”

“என்ன பிள்ளை, நான் படத்தைப் பற்றிக் கேக்கிறன், நீ வாத்தைப் பற்றிச் சொல்லுறாய்!”

அவள் அதற்குள் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

சிங்கராயர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர்.

பெட்டியைக் கழுவினார். கடற்பாசியை வெயிலில் உலர்த்தி, சிப்பிகள் நீக்கி, உள்ளங்கையால் அழுத்தி மெத்தென்று பரப்பினார். வாசல் எத்திசை நோக்கினால் காலை ஒளி உள்ளே சாய்வாக விழும் என்று கணித்து, பெட்டியை அரையடி திருப்பி வைத்தார். ஒரு கல் அதிகமாகப் பளபளத்தது. அதன்மேல் மண்ணைத் தேய்த்து அடக்கினார்.

பின்னர்ச் சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் நாற்காலியிட்டு அமர்ந்தார். காட்சியின் அளவைப் பார்ப்பதற்காக அவர் எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் சிறு குழலை எடுத்து ஒரு கண்ணில் வைத்தார். மற்றக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிறு காலை அவள் வந்தாள்.

கடலிலிருந்து ஏறி, பாறைகளினூடே, கோயிலுக்குப் புறப்பட்ட பெரிய வீட்டு அம்மாளைப் போல அசைந்து அசைந்து வந்தாள். மேனியெல்லாம் தவிட்டு நிறம். அவளுக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாக அவளுடைய துணைவன் வந்தான். கடலில் மிதந்த மற்ற ஆண்வாத்துகள் “ஆ...ஊ!” என்று ஒலியெழுப்பின. யாரோ யாரோடோ ஓடிப்போன புதினத்தைக் கேட்டவர்கள் வாயில் கைவைத்து வியப்பது போலவே அந்த ஒலி இருந்தது.

அவள் பெட்டியை நெருங்கினாள். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். பின்னர்ச் சன்னலைப் பார்த்தாள்.

திரும்பிப் போய்விட்டாள்.

திங்களன்றும் வந்தாள். வாசல்வரை வந்து, ஒரு காலை உள்ளே வைத்து, சன்னலைப் பார்த்தாள். போய்விட்டாள்.

“வெளிச்சம் சரி. மெத்தை சரி. காத்து இல்லை, ஈரம் இல்லை” என்றார் சிங்கராயர். “இன்னும் என்ன குறை இவளுக்கு?”

“குறை ஒண்டும் இல்லை, அண்ணை.”

“அப்ப?”

“ஒண்டு கூடிப்போச்சு.”

“எது?”

தாட்சாயணி மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அன்று மாலை சிங்கராயருக்குப் பொறுமை போயிற்று. மாலை என்பதும் பெயரளவுக்குத்தான். அப்பருவத்தில் அங்கே கதிரவன் மறைய மனமில்லாமல் கடல்விளிம்பிலேயே உருண்டுகொண்டிருப்பான். வீட்டுச் சுவர்களில் தேன்நிற ஒளி அசையாமல் நின்றது.

“உன்னட்டை வந்தது என்ரை பிழை” என்றார். “நீ ஒருக்காலும் ஒண்டையும் பார்த்ததில்லை. மூண்டு படம் எடுத்தம். மூண்டிலையும் நடிக்கிற ஆக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு முக்காலியிலை இருந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாய். ஆர் அழுதாலும் திரும்பேல்லை. ஆர் விழுந்தாலும் திரும்பேல்லை. பார்த்தது நான்.”

“ஓம்.”

“என்ன ஓம்? பேர் உனக்கு. பார்த்தது நான்.”

“ஓம் அண்ணை. நீங்கள்தான் பார்த்தீங்கள். நல்லாயும் பார்த்தீங்கள்.”

“அப்ப அது ஆற்றை படம்?”

இக்கேள்வியை அவர் ஒன்பது ஆண்டுகளாகத் தமக்குள்ளே வைத்திருந்தார். வெளியே வந்ததும் அது மிகவும் சிறியதாகத் தெரிந்தது.

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது.

“மூண்டாம் படத்துக்குப் பின்னின கம்பளிச் சட்டை நினைவிருக்கோ? எய்னாருக்குக் கை முழங்கால் வரைக்கும் வந்திட்டுது. ஏனெண்டு தெரியுமோ? அந்தக் கிழவர் அழுத அண்டைக்கு, நான் நிப்பாட்டாமல் பின்னிக்கொண்டே போயிட்டன்.”

“பகிடியை விடு, பிள்ளை.”

“நீங்கள் முதன்முதல் என்ன படம் எடுத்தனீங்கள்?”

“ஏன் இப்ப அது? கலியாண வீடு.”

“பந்தியும் எடுத்தனீங்களோ?”

“எடுக்காமல்? பந்தியை எடுக்காட்டிப் பெண்வீட்டுக்காரர் விடுவினமோ? விளக்கையும் பிடிச்சுக்கொண்டு இலை இலையாய்ப் போனன்.”

“என்ன தெரிஞ்சுது?”

சிங்கராயர் நினைவுபடுத்திப் பார்த்தார். தாமும் சிரித்தார்.

“வாயைப் பொத்தின கையள்.”

இம்முறை தாட்சாயணி சிரிக்கவில்லை.

“படச்சுருள் ஓடேக்கை நான் ஒருநாளும் கண்ணை எடுத்ததில்லை” என்றார் அவர், தம் பக்க நியாயத்தை முடித்துவைப்பவர் போல. “எடுக்கவும் ஏலாது. கண்ணை எடுத்தால், கண் வைக்கிற ஓட்டையாலை வெளிச்சம் உள்ளுக்குப் போய்ச் சுருளைக் கெடுத்துப்போடும். என்ரை கண்தான் மூடி.”

“அது பழைய கமெரா, அண்ணை” என்றாள் தாட்சாயணி.

மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று அவர் நெடுநேரம் அந்தக் கிழவரை நினைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படத்தில், மூழ்கிய மகனின் படகைக் கரையில் காணும் மீனவராக வந்தவர் அவர். அழத் தொடங்குமுன் அந்தக் கிழவர் ஒரு கணம் வேறெங்கோ பார்த்தார். எதிரே, முக்காலியில், கம்பளி பின்னும் ஒரு முதுகு. அதைப் பார்த்தார். பார்த்த பின்னரே அழுதார். அந்தப் பார்வை தவறானது, வெட்டிவிட வேண்டும் என்று அன்று சொன்னவர் சிங்கராயர்தாம். தாட்சாயணி மறுக்கவில்லை. வெட்டிவிட்டார்கள்.

செவ்வாய் பிற்பகல், சன்னலருகே நாற்காலியில் இருந்தவாறே அவர் கண்ணயர்ந்தார்.

கனவில் அவருடைய கண் ஓர் அறையாக இருந்தது. வெள்ளைச் சுவர், ஒரு மேசை, ஒரு தட்டு. செல்வமலர் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சோற்றில் கை வைத்தாள். பின்னர் நிமிர்ந்து, வெகு பணிவாக, “தம்பி, அந்தக் கதவை ஒருக்காச் சாத்திவிடுறீங்களோ?” என்று கேட்டாள். சிங்கராயர் எழுந்து கதவைத் தேடினார். நான்கு சுவரிலும் தேடினார். அந்த அறைக்குக் கதவே வைக்கப்பட்டிருக்கவில்லை. சுவர்களின் ஊடாகக் கடல் மெல்ல உள்ளே வந்தது. தட்டு மிதந்தது. சோறு மிதந்தது. செல்வமலர் மிதந்தவாறே காத்திருந்தாள்.

கண் விழித்தபோது, குழல் மடியில் கிடந்தது. வெளியே கடல்வாத்து பெட்டியின் முன் நின்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். அது போய்விட்டது.

புதன்கிழமை நண்பகல் தாட்சாயணி சோறு சமைத்திருந்தாள். அதுவரை ரொட்டியும் அவித்த மீனும் உண்டு வந்த சிங்கராயர், குழம்பின் மணத்தில் குழந்தையாகிப் போனார்.

“புளி எங்காலை?”

“ஒஸ்லோவிலையிருந்து. இருங்கோ.”

அவள் பரிமாறினாள். சோறு, கெளுத்தி இல்லாத குறைக்கு ஏதோ ஒரு வடகடல் மீனின் குழம்பு, பருப்பு, ஊறுகாய். பரிமாறி முடித்ததும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ சாப்பிடேல்லையோ?”

“நீங்கள் சாப்பிடுங்கோ.”

அவர் பிசைந்து, முதல் வாய் எடுத்து உண்டார். கண்ணை மூடி இரசித்தார். கண்ணைத் திறந்தபோது, தாட்சாயணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வாய் எடுத்தார். அவள் பார்த்தாள்.

அவள் கையில் கம்பளி இல்லை. கத்தி இல்லை. மேசைமேல் முழங்கைகளை ஊன்றி, மோவாயைக் கைகளில் தாங்கி, இமைக்காமல், அவருடைய விரல்களையும் வாயையும் தொண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, பகை இல்லை, அன்பும் இல்லை. வெறும் பார்வை.

“என்ன பிள்ளை?”

“ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ.”

மூன்றாம் வாய் பாதி மென்றபடியே நின்றது.

“என்ன அப்பிடிப் பார்க்கிறாய்? முகத்திலை என்னவும் ஒட்டியிருக்கோ?”

“இல்லை அண்ணை. யன்னல் வெளிச்சம் உங்கடை முகத்திலை நல்லாய் விழுது. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிச் சாப்பிடுங்கோ.”

அவர் திரும்பினார். பழக்கத்தால் திரும்பினார். திரும்பியபின் கை எழவில்லை.

“மெல்லுங்கோ.”

அவர் மென்றார்.

“இப்ப விழுங்குங்கோ.”

அவருடைய இடக்கை, அவரைக் கேளாமலேயே எழுந்து வாயைப் பொத்தியது.

“இறங்குதில்லை, பிள்ளை” என்றார் சிங்கராயர்.

சொன்னபின் அந்தச் சொல்லை அவரே கேட்டார்.

வெளியே, கடலில், ஆண்வாத்துகள் “ஆ...ஊ!” என்றன.

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

“அவ எனக்கு முழுக்கவும் சொன்னவ. நான்தான் உனக்குப் பாதியைச் சொன்னனான்.”

“என்ன சொன்னவ?”

“‘தம்பி, நீங்கள் பார்க்கிற பார்வையிலை சோறு இறங்குதில்லை’ எண்டு.”

தாட்சாயணி எழுந்தாள். நாற்காலியை அதன் இடத்தில் வைத்தாள். அடுப்படிக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீர் ஓசை எழுந்தது.

சிங்கராயர் தட்டில் இருந்ததை உண்டார். மறுபடி தாமே போட்டும் உண்டார். பெரியதொரு மீன்முள்ளை உறிஞ்சும் ஓசைகூடக் கேட்டது. அவள் திரும்பவில்லை.

அப்போது உள்ளே வந்த எய்னார், தமக்குத் தெரிந்த மற்றச் சொல்லைச் சொன்னார்.

“சாப்பிட்டாச்சோ?”

“ஓம்” என்றார் சிங்கராயர். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. ஊறுகாயின் காரம் என்று எய்னார் நினைத்துக்கொண்டார்.

சிங்கராயர் கைகழுவி வந்தபோது, தாட்சாயணி ஒரு வாளி உருளைக்கிழங்கையும் ஒரு கத்தியையும் நீட்டினாள்.

“இரவுச் சாப்பாட்டுக்கு. இஞ்சை இருந்து சீவாதேங்கோ, குப்பையாகும். வெளியிலை படியிலை இருங்கோ.”

அவர் கழுத்திலிருந்து குழலைக் கழற்றிச் சன்னல் விளிம்பில் வைத்தார். தவிட்டுநிறக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கடைசிப் படியில் உட்கார்ந்தார். பெட்டி அவருக்குப் பின்னால், படிகளின் கீழே இருந்தது. முன்னால் புல்லும், அதன்பின் பாறையும், அதன்பின் கடலும் இருந்தன. வானமும் கடலும் ஒரே வெளிறிய ஒளியில் ஒட்டிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் கிடந்தன.

ஒளி அன்று மிக அருமையாக இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கிழங்கைச் சீவினார்.

ஒன்றைச் சீவி வாளியில் இட்டார். அடுத்ததை எடுத்தார். தோல் நீளமாக, அறுபடாமல் சுருண்டு விழுவதில் அவருக்கு ஒரு சிறுபிள்ளை மகிழ்ச்சி உண்டாயிற்று. குருநகரில் அவருடைய தாய், தந்தைக்குச் சோறு போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து வெங்காயம் உரிப்பார். அது ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது கேட்கவேண்டிய ஒன்றாகவே அவருக்குத் தோன்றியதில்லை.

வலப்பக்கத்தில், பார்வையின் விளிம்புக்கு அப்பால், புல் அசைந்தது.

ஈரக்கால்கள் கல்லின்மேல் பதியும் ஓசை. தப், தப். நின்றது.

சிங்கராயரின் பிடரி முழுவதும் கண்ணாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எதையும் தவறவிடாத கண் அது. திரும்பு, திரும்பு என்று கெஞ்சியது. ஒருமுறை, ஒரே ஒருமுறை. இந்த ஒளியில், இந்தத் தவிட்டு நிறத்தில், அவள் தலை குனிந்து உள்ளே நுழையும் அந்தக் கணம் இனி வாழ்நாளில் கிடைக்காது என்றது.

அவர் இன்னொரு கிழங்கை எடுத்தார்.

தப், தப்.

அவருடைய முதுகுக்கு மிக அருகில், கோட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும், ஏதோ ஒன்று கடந்து போயிற்று. பலகை மெல்லக் கிறீச்சிட்டது. கடற்பாசி நொறுங்கும் ஓசை. பின்னர், ஒருத்தி நெடும்பயணம் போய்வந்து வீட்டில் உட்காருகையில் விடும் மூச்சைப் போன்ற ஒன்று.

அதன்பின் ஒலி இல்லை.

சிங்கராயர் திரும்பவில்லை. வாளி நிறையும்வரை சீவினார்.

வியாழக்கிழமை காலைப் படகில் அவர் புறப்பட்டார். போகும்போது சுற்றுவழியாக, வீட்டின் முன்பக்கத்தால் போனார். குழல் சன்னல் விளிம்பிலும், செஞ்சட்டை அலுமாரியிலும் கிடந்தன. இரண்டையும் அவர் பின்னர்க் கேட்டு எடுக்கவுமில்லை.

நேரே செல்வமலரின் வீட்டுக்குச் சென்றார். அவள் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, களைப்போடு கதவைத் திறந்தாள்.

“இனி நான் பார்க்கமாட்டன், அக்கா” என்றார்.

“அப்ப ஆர் பார்ப்பினம்?”

“கமெரா பார்க்கும். அதுக்குப் பசி தெரியாது. நான் அங்காலை இருந்து உருளைக்கிழங்கு சீவுவன்.”

“என்னத்துக்கு?”

“கறிக்கு.”

செல்வமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். ஆயினும் வெள்ளிக்கிழமை வந்தாள்.

கருவியை உதவியாளர் இயக்கினார். சிங்கராயர் அவர்களுக்கு முதுகைக் காட்டி, அடுப்படி மூலையில் ஒரு வாளியோடு உட்கார்ந்தார். மகனை விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய தாய், தனியே இருந்து சோறு உண்ணும் காட்சி. செல்வமலர் உண்டாள். பசித்தவள் உண்பதைப் போல உண்டாள். பாதி உண்டபின், எழுதப்படாத ஒரு சொல்லைச் சொன்னாள்.

“சாப்பிட்டாச்சோ?”

விடை வரவில்லை. அவள் மறுபடி உண்ணத் தொடங்கினாள்.

அத்துடன் படம் முடிகிறது. சிங்கராயரின் பெயரிலேயே அது வெளிவந்தது. அந்தக் காட்சியின் அடியில் கத்தி கிழங்கைச் சீவும் ஓசை கேட்கிறது, நீக்கிவிடுவோம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார் சிங்கராயர். படிக்கட்டின் கீழிருந்த பெட்டியில் அவ்வாண்டு முட்டைகள் பொரித்தன. யூன் மாதத்தில் எய்னார் அதிலிருந்து ஒரு கைப்பிடித் தூவியை எடுத்தார்.

ஒஸ்லோவில் முதற்காட்சி முடிந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

“ஐயா, கடைசியிலை அவ ஆரைப் பார்த்துக் கேட்டவ? போன மகனையோ? பக்கத்து அறையிலை ஆரும் இருந்தவையோ?”

“தெரியாது, பிள்ளை” என்றார் சிங்கராயர். “நான் பார்க்கேல்லை.”